கோதுமை அல்லாத கோதுமை: பிரிட்டனியின் கலெத்தும் அதன் பெயர்களும்

பிரான்சின் வடமேற்கு முனையில், அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் தீபகற்பம் பிரிட்டனி. அதன் சமையலைப் பற்றி எழுதுவோர் கலெத்தைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. கரும்பழுப்பு நிறமும் மேற்பரப்பு முழுதும் சிறு துளைகளும் முறுகிய ஓரமும் கொண்ட, இனிப்பில்லாத, மெல்லிய வட்ட அடை அது. பக்வீட் மாவு, தண்ணீர், கல்லுப்பு ஆகியவற்றைத் தவிர அடிப்படையில் அதற்கு வேறெதுவும் வேண்டியதில்லை. அதன் தோற்றம் குறித்து இரண்டு கதைகள் ஓயாமல் சொல்லப்படுகின்றன. சிலுவைப் போர்களுக்குச் சென்ற வீரர்கள் அந்தத் தானியத்தைச் சரசேனியர் நாட்டிலிருந்து கொண்டு வந்தார்கள் என்பது ஒன்று. பிரிட்டனியின் கோமகளும் இருமுறை பிரான்சின் அரசியுமான ஆன் அதைத் தம் மக்களுக்கு அளித்தார் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆவணச் சான்று இல்லை. எனினும் இரண்டும் முற்றிலும் பயனற்றவை அல்ல என்பது என் கருத்து. அவற்றைத் தூண்டிய சொற்களைத் தனியே பிரித்தெடுத்து ஆராய்ந்தால், கதைகள் மறைத்த வரலாற்றின் ஒரு பகுதி வெளிப்படுகிறது.

முதலில் ஒரு சொல்லாட்சிச் சிக்கல். பக்வீட்டுக்குத் தமிழில் பரவலாக வழங்கும் பெயர் ஏதும் இல்லை. வட இந்தியாவில் இதனைக் குட்டு என்பர். இக்கட்டுரையில் பக்வீட் என்றே எழுதுகிறேன். கலெத்தைத் தோசை என மொழிபெயர்க்கும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் உளுந்தும் அரிசியும் புளித்துப் பொங்கும் மாவின் இயல்பு கலெத் மாவுக்குக் கிடையாது. கையால் நெடுநேரம் அடித்து, சில மணி நேரம் ஊறவிட்டு வார்ப்பதோடு சரி. எனவே கலெத், கலெத்தாகவே இருக்கட்டும்.

பக்வீட் புல்லினப் பயிரன்று. நெல், கோதுமை, கம்பு, சோளம் ஆகியவை சேர்ந்த குடும்பத்தோடு அதற்கு உறவில்லை. நம் சுக்கான்கீரையை உள்ளடக்கிய பாலிகோனேசி குடும்பத்தைச் சேர்ந்தது அது. சிவந்த தண்டு, இதய வடிவ இலை, வெள்ளைப் பூங்கொத்து, மூன்று விளிம்புடைய கருநிற விதை ஆகியவை அதன் அடையாளங்கள். அதன் தாயகம் எது என்பது நெடுங்காலம் விவாதத்துக்குரியதாகவே இருந்தது. தென்மேற்குச் சீனத்தின் யுன்னான் பகுதியில் அதன் காட்டு மூதாதையை 1990களின் தொடக்கத்தில் சப்பானிய மரபியலாளர் ஒமி ஒனிஷி அடையாளம் கண்ட பிறகே விவாதம் பெருமளவு தணிந்தது. அங்கிருந்து நடு ஆசியா வழியாக மேற்கு நோக்கி நகர்ந்த தானியம் இது.

மேற்கே வந்த தானியத்துக்கு ஐரோப்பிய மொழிகள் இட்ட பெயர்களைப் பாருங்கள். பிரெஞ்சில் சரசேன், அதாவது சரசேனியரின் தானியம். இத்தாலியத்திலும் அவ்வாறே கிரானோ சராசேனோ. செருமானியத்தின் பழைய பெயர்களுள் ஒன்றான ஹைடன்கார்ன் என்பதற்குப் புறச்சமயத்தாரின் தானியம் என்று பொருள். சுலொவீனியத்தின் ஐடா என்ற பெயர் அந்தச் செருமானிய வேரிலிருந்தே வந்தது. செக் மொழியின் பொகாங்கா என்பதும் புறச்சமயத்தான் எனப் பொருள்படும் சொல்லை அடியாகக் கொண்டது. பின்லாந்தில் தத்தரி; அதாவது தாத்தாரியருடையது. உருசியாவில் கிரேச்கா, கிரேக்கருடையது. ஒரே விதைக்குச் சரசேனியர், தாத்தாரியர், கிரேக்கர், புறச்சமயத்தார் என இத்தனை பேர் உரிமையாளர்கள்!

இப்பெயர்களைத் தோற்ற வரலாறாகப் படிப்பதுதான் சிலுவைப் போர்க் கதையின் பிழை. இவை தானியம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வதில்லை. பெயரிட்டவர்களுக்கு அப்போது யார் அயலாராகத் தோன்றினர் என்பதையே சொல்கின்றன. இவ்வகைப் பெயரிடலுக்கு எடுத்துக்காட்டுகள் ஏராளம். அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோளம் பழைய பிரெஞ்சில் துருக்கிக் கோதுமை எனப்பட்டது. அமெரிக்காவிலிருந்தே வந்த வான்கோழிக்கு ஆங்கிலேயர் துருக்கியின் பெயரை இட்டனர். பிரெஞ்சுக்காரர் இந்தியாவின் பெயரை இட்டு தேந்த் என்றனர். வான்கோழிக்கும் இந்தியாவுக்கும் இருந்த தொடர்பு எவ்வளவோ, பக்வீட்டுக்கும் சரசேனியருக்கும் இருந்த தொடர்பும் அவ்வளவே. அரபு நாடுகளின் வேளாண்மையில் அது ஒருபோதும் முதன்மைப் பயிராக இருந்ததில்லை. அரபு மொழியே இன்று அதனைக் கறுப்புக் கோதுமை என்றுதான் வழங்குகிறது.

கால அடைவும் கதைக்கு இடம் தரவில்லை. சிலுவைப் போராளிகளின் கடைசிப் பெருங்கோட்டையான ஆக்கர் 1291இல் வீழ்ந்தது. பக்வீட் செருமானிய நிலங்களின் ஆவணங்களில் தென்படத் தொடங்குவது 14ஆம் நூற்றாண்டின் இறுதியில். நார்மண்டி, பிரிட்டனி ஆவணங்களில் அது இடம்பெறுவது 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பசித்த குடியானவர்களின் நாட்டுக்கு இவ்வளவு எளிதில் விளையும் ஒரு தானியத்தைக் கொண்டு வந்துவிட்டு, இருநூறு ஆண்டுகள் எவரும் அதை விதைக்காமல் வைத்திருந்தார்கள் என்று நம்புவது கடினம்.

சரசேன் என்ற பெயர் படித்தோர் பிரெஞ்சில் நிலைபெற்றது. பிரிட்டனியின் மக்கள் வழக்கில் ஓங்கியிருப்பது ப்ளே நுவார், அதாவது கறுப்புக் கோதுமை. தீபகற்பத்தின் மேற்குப் பாதியில் வழங்கும் பிரெத்தோன் மொழி கெல்த்தியக் குடும்பத்தைச் சேர்ந்தது. பிரெஞ்சோடு அதற்கு நெருங்கிய உறவு கிடையாது. அம்மொழியிலும் க்வினிஸ் டு என்றும் எட் டு என்றும் இரு பெயர்கள் உண்டு. முன்னது கறுப்புக் கோதுமை. பின்னது கறுப்புத் தானியம். வண்ணம் உண்மை, கோதுமை என்பது பொய். ஆனால் அது பயன்பாட்டை ஒட்டிய பொய். மாவாக அரைத்து அன்றாடம் உண்ணப்படுவது எதுவோ அது கோதுமை.

இந்த இடத்தில் இந்திய வழக்கை ஒப்பிட்டுப் பார்ப்பது பொருத்தமானது. வட இந்தியாவில் நவராத்திரி நோன்பின்போது கோதுமையையும் அரிசியையும் விலக்குவோர் குட்டு மாவில் பூரியும் பக்கோடாவும் செய்து உண்கின்றனர். குட்டு தானியம் அன்று, ஆகவே அன்னமும் அன்று என்பது அவர்தம் வகைப்பாடு. தில்லியில் நோன்பு நாள்களில் மளிகைக் கடைகளின் முகப்பில் அம்மாவு அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டோர் பலர் இங்கிருப்பீர்கள். ஒரே விதையை ஒரு சமூகம் கோதுமை என வகுத்து அன்றாட உணவாக்கியது. மற்றொன்று கோதுமை அல்ல என வகுத்து நோன்புணவாக்கியது. தாவரவியல் இரண்டாவதன் பக்கம் நிற்கிறது என்பது தற்செயல். இரு வகைப்பாடுகளும் தாவரவியலைக் கேட்டு எழுந்தவை அல்ல.

இனி ஆன் கோமகள். அவர் 1477இல் பிறந்து 1514இல் மறைந்தார். 1491இல் எட்டாம் சார்லசையும், அவர் இறந்தபின் 1499இல் பன்னிரண்டாம் லூயியையும் மணந்தார். பிரிட்டனி 1532இல் முறைப்படி பிரெஞ்சு முடியோடு இணைக்கப்பட்டது. ஆகவே தனியாட்சியின் கடைசி முகமாக மக்கள் நினைவில் நிலைத்தவர் அவரே. பக்வீட் பரவிய காலமும் அவர் வாழ்ந்த காலமும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்தமை கதைக்கு வாய்ப்பாயிற்று. கொடையாளர் ஒருவரைத் தேடும் மக்கள் மனம் அரியணையை நோக்குவதில் வியப்பில்லை. ஆயினும் ஒரு பயிரைப் பரப்புவது அரசாணை அன்று. விதைப்பவரின் கணக்குத்தான்.

அக்கணக்கு குறித்து நமக்குக் கிடைக்கும் சுவையான சாட்சி நொயேல் து ஃபாய். பிரிட்டனி நீதிமன்றத்தின் ஆலோசகராக இருந்த இவர் 1585இல் வெளியிட்ட யூத்ரப்பேல் கதைகளில் ஒரு செய்தியைப் போகிற போக்கில் சொல்கிறார். அறுபது ஆண்டுகளுக்கு முன் வந்த இத்தானியம் இல்லையேல் ஏழைகள் மிகவும் துன்புற்றிருப்பர் என்பதே அதன் சாரம். அவர் கணக்குப்படி அது வந்த ஆண்டு 1525ஐ ஒட்டியது. ஆவணங்களோ அதற்கும் முன்பே அதைக் காட்டுகின்றன. இம்முரண்பாட்டை நான் குறையாகக் கருதவில்லை. ஒரு பயிர் முதன்முதலில் ஏட்டில் பதிவாகும் காலம் வேறு. ஏழையின் தட்டில் அது இன்றியமையாததாகும் காலம் வேறு. து ஃபாய் நினைவில் வைத்திருந்தது இரண்டாவதை. மேலும், அவர் ஆன் கோமகளை நினைக்கவில்லை, சிலுவைப் போர்களையும் நினைக்கவில்லை. ஏழைகளை நினைத்தார்.

ஏழைகளுக்கு அது ஏன் வேண்டியிருந்தது? பிரிட்டனியின் உட்பகுதி மண் பெரும்பாலும் கருங்கல்லும் படிவப்பாறையும் சிதைந்து உண்டான அமிலத்தன்மை மிகுந்த மண். கோதுமை அங்கே தயங்கித்தான் விளையும். பக்வீட்டுக்கு அந்த மண் போதும். எருவும் அதிகம் வேண்டா. அடர்ந்து படர்ந்து களையையும் அமுக்கிவிடும். பனிக்கு அஞ்சும் பயிர் என்பதால் மே இறுதியிலோ சூனிலோ விதைப்பர். ஏறக்குறைய நூறு நாளில், செப்டம்பரில் அறுவடை. முந்தைய பயிர் பொய்த்துவிட்டதை அறிந்த பின்னும் விதைக்க நேரமிருக்கிறது என்பதே இதன் பெருஞ்சிறப்பு. பஞ்சத்துக்கும் குடும்பத்துக்கும் இடையே நூறு நாள் அவகாசத்தை அது உண்டாக்கிற்று.

நிலவுடைமையும் இதில் பங்காற்றியது. பிரிட்டனி, கடல்வழியே தானியம் ஏற்றுமதி செய்த மாகாணம். குடியானவர் விளைவித்த கோதுமையும் ரையும் வாரமாகவும் வரியாகவும் விற்பனைச் சரக்காகவும் வீட்டை விட்டு வெளியேறின. வீட்டில் தங்கியது கறுப்புத் தானியம். கோதுமை விளையாத நாடாகையால் மக்கள் பக்வீட் உண்டனர் என்பது பாதி விளக்கமே. விளைந்த கோதுமையை உண்ண இயலாமையால் பக்வீட் உண்டனர் என்பதையும் சேர்த்தால்தான் விளக்கம் முழுமையடையும். சுற்றுலா நூல்கள் முதற்பாதியோடு நிறுத்திக்கொள்கின்றன. மண்ணைக் குறை சொல்வதால் எவர் மனமும் புண்படாதல்லவா?

தானியத்தின் இயல்பே உணவின் வடிவையும் தீர்மானித்தது. பக்வீட்டில் குளூட்டன் இல்லை. ஆகவே உப்பிய ரொட்டியாக அது எழாது. கூழாகக் காய்ச்சலாம். லெயோன் வட்டாரத்தில் செய்வதுபோலத் துணிப்பையில் கட்டி இறைச்சியோடு வேகவைத்துக் கிக் அ ஃபார்ஸ் ஆக்கலாம். அல்லது சூடேறிய தட்டையான பரப்பில் மெல்லிதாகப் பரப்பலாம். மூன்றுக்குமே ரொட்டியடுப்பு தேவையில்லை. பழைய ஆட்சியமைப்பில் பல இடங்களில் மாவாலையும் ரொட்டியடுப்பும் நிலப்பிரபுவின் உரிமைகளாக இருந்தன. அவற்றைப் பயன்படுத்தியே ஆகவேண்டும், கட்டணமும் செலுத்த வேண்டும். மாவாலையிலிருந்து பக்வீட் தப்பவில்லை. அடுப்பிலிருந்து தப்பியது. கலெத் சுட வீட்டுக் கணப்பே போதும்.

அதன்மேல் தடவப்படும் உப்பிட்ட வெண்ணெய்க்கும் ஒரு வரி வரலாறு உண்டு. கபெல் எனப்பட்ட உப்பு வரி பிரான்சின் பெரும்பகுதியை வாட்டியபோது பிரிட்டனி அதிலிருந்து விலக்குப் பெற்றிருந்தது. உப்பு மலிவு, எனவே வெண்ணெயை உப்பிட்டுக் காப்பது எளிது.

இதுவரை தானியத்தைப் பார்த்தோம். அடை? இங்கேதான் மொழியியல், ஆவணக் காப்பகத்தைவிடப் பின்னோக்கிச் செல்கிறது. பிரெத்தோன் மொழியில் அடையின் பெயர் கிரம்புவெஸ். வேல்சு மொழியில் கிரெம்போக். கோர்னிய மொழியில் கிரம்போத்தென். கால்வாய்க்கு இருபுறமும் வழங்கும் இம்மூன்றும் உறவுச் சொற்கள். பிரித்தானியத் தீவிலிருந்து மக்கள் பிரிட்டனியில் குடியேறியது ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளை ஒட்டி. ஆகவே கல்லில் சுடும் அடையும் அதற்கான சொல்லும் பக்வீட்டைவிடப் பன்னூறு ஆண்டுகள் மூத்தவை என்று கொள்வதே பொருத்தம். பிரெஞ்சுச் சொல்லான கலெத்தும் அவ்வாறே. கூழாங்கல் எனப் பொருள்படும் கலே என்பதிலிருந்து வட்டமும் தட்டையுமான வடிவம் கருதி அமைந்த அச்சொல் 13ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. பக்வீட் வருவதற்கு முன்பு. பிற்காலக் கொச்சை வழக்கில் கலெத் என்றால் பணம் என்றும் பொருள். ஏழையின் உணவுக்கு வாய்த்த இந்தப் பொருள்நீட்சியை எண்ணிச் சிரிக்கலாம். ஆக, பழைய அடைக்குள் புதிய தானியம் புகுந்தது. பிரெத்தோன் மரபு எனக் கொண்டாடப்படுவதில் சுடும் முறை தொன்மையானது. கறுப்பு நிறம் ஐந்நூறு ஆண்டுக்காலத்தது.

பிரிட்டனிக்குள்ளேயே ஒரு மொழி எல்லை உண்டு. வடக்கே சேன் ப்ரியூ நகரின் மேற்கிலிருந்து தெற்கே வான் நகரின் கிழக்குவரை ஒரு கோடு வரைந்தால் அதன் மேற்கே பிரெத்தோன் மொழி. கிழக்கே, பிரெஞ்சின் உடன்பிறப்பான கலோ மொழி. அடையின் வகைகளும் ஏறக்குறைய இக்கோட்டையே பின்பற்றுகின்றன. கிழக்கில், ரென் நகரைச் சூழ்ந்த கலோ நாட்டில், பக்வீட்டில் செய்தது கலெத். கோதுமையில் செய்தது கிரெப். பெயர்களை மாற்றிச் சொன்னால் திருத்துவார்கள். அங்கே மாவு, தண்ணீர், உப்பு மட்டுமே. அடை சற்றுத் தடிப்பாக, மென்மையாக இருக்கும். மேற்கில் இரண்டுமே கிரம்புவெஸ். வேண்டுமானால் கறுப்புக் கோதுமைக் கிரம்புவெஸ் என்று அடைகொடுத்துச் சொல்வர். அங்கே மாவில் சிறிது கோதுமையோ முட்டையோ பாலோ சேர்ப்பதுண்டு. அடை மெலிந்து மொறுமொறுப்பாகும். எது அசல் என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. இரு மொழிகள் ஒரே பொருளை இரு வகையாகப் பகுத்திருக்கும்போது அசல் எது என்று கேட்பதில் பொருளில்லை என்று மொழியியல் மாணவன் சொன்னால், ரென் நகரில் அவனுக்குக் கலெத் கிடைப்பது ஐயமே.

மொழியியலாருக்கு மற்றோர் இனிய தரவு. கிரம்புவெஸ் என்பது தொகுதிப் பெயர். ஒன்றைக் குறிக்க வேண்டுமாயின் ஒருமை ஈறு சேர்த்துக் கிரம்புவெசென் என்க. ஒருமையிலிருந்து பன்மை என்ற நமக்குப் பழகிய வழிக்கு இது நேர்மாறு. அடை எனில் குவியலாகவே எண்ணத்தில் தோன்றும். ஒற்றை அடையைத்தான் இலக்கணம் தனியே பிரித்தெடுக்க வேண்டியுள்ளது. சுடும் இரும்புக் கல்லின் பெயரான பிலிக் இன்னும் சுவையானது. பிரெத்தோனில் அச்சொல்லின் முதலெழுத்து ஒலிப்பிலா பகரம். முன்னே சுட்டிடைச்சொல் வந்தால் அது ஒலிப்புடைய பகரமாகத் திரியும். பிரெஞ்சு கடன் வாங்கியது இத்திரிந்த வடிவத்தை. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் வேறுபாட்டை இங்கே எழுதிக் காட்ட இயலவில்லை, ஒலித்துப் பார்த்துக்கொள்க. மாவைப் பரப்பும் மரக் கருவியான ரோசெல், அடையைத் திருப்பும் மட்டையான ஸ்பனெல், அடையோடு அருந்தும் மோரின் பெயரிலுள்ள ரிபோ ஆகியவையும் பிரெத்தோன் வழியே பிரெஞ்சுக்குள் வந்தவை. சுடுபவர்கள் பெண்கள், சொற்களும் அவர்கள் கையோடு வந்திருக்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் ஆறு இலட்சம் ஹெக்டேருக்கும் மேல் பக்வீட் பயிராயிற்று. அதில் பெரும்பங்கு பிரிட்டனியும் அதன் சுற்றுப்புறமும். அதே காலத்தில்தான் இருப்புப்பாதையும் வந்தது. ரென் நகரை 1857இலும் பிரெஸ்த் துறைமுகத்தை 1865இலும் அது அடைந்தது. வேலை தேடிப் பாரிசுக்குச் சென்ற பிரெத்தோன் மக்கள் இறங்கிய நிலையம் மோன்பர்னாஸ். இன்றும் அந்நிலையத்தை ஒட்டிய தெருக்களில் கிரெப் கடைகள் நெருங்கியிருப்பது இக்காரணத்தால்தான். பாரிசில் அவர்களை வரவேற்றது ஏளனம். 1905இல் ஒரு சிறுமியர் இதழில் தோன்றிய பேக்கசின் என்ற படக்கதைப் பணிப்பெண்ணை நினைவுகூர்க: நல்லவள், மந்தமானவள், பல படங்களில் வாயே வரையப்படாதவள். ஊரிலோ, பள்ளியில் பிரெத்தோன் பேசிய குழந்தையின் கழுத்தில் இழிவுச் சின்னம் ஒன்றைத் தொங்கவிடும் வழக்கம். வேறொரு குழந்தை அம்மொழியில் பேசிப் பிடிபடும்வரை அது கழுத்தைவிட்டு இறங்காது. கறுப்பு அடையும் அந்நாளில் பெருமைக்குரிய பொருளாக இருக்கவில்லை. வெள்ளை ரொட்டி உண்பதே உயர்வின் அடையாளம்.

இன்று உணவகங்களில் கொம்ப்ளெத் எனப் பரிமாறப்படும் வகையில் முட்டை, பன்றியிறைச்சி, உருக்கிய பாலாடைக்கட்டி ஆகியன இருக்கும். இது கடைகள் வளர்ந்த காலத்தின் செழிப்பு. பழைய குடியானவர் முட்டையைச் சந்தைக்கு அனுப்பினார். பாலாடைக்கட்டி மரபோ வெண்ணெய் நாடான பிரிட்டனியில் மிகக் குறைவு. வெறும் அடை, மோர், வாய்த்தால் வெண்ணெய். வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்குக்கும் அது பொருந்திற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உரமும் இயந்திரமும் மக்காச்சோளமும் பால்பண்ணைகளும் வந்தபோது, குறைந்த விளைச்சல் தரும் பக்வீட் வயலிலிருந்து வெளியேறியது. பரப்பு சில ஆயிரம் ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. அடைக்கான தேவையோ சுற்றுலாவோடு பெருகியது. இடைவெளியை நிரப்பியது இறக்குமதி. அதில் சீனத் தானியத்துக்குக் கணிசமான பங்கு. பிரிட்டனியின் அடையாளமாக விற்கப்பட்ட அடையின் தானியம், தன் தாயகத்திலிருந்தே கப்பலேறி வந்துகொண்டிருந்தது. உழவரும் மாவாலையாரும் 1987இல் ஒரு சங்கம் அமைத்து உள்ளூர்ச் சாகுபடியை மீட்க முயன்றனர். 2010இல் பிரிட்டனிக் கறுப்புக் கோதுமை மாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பும் கிடைத்தது. அர்ப் என்னும் பழைய உள்ளூர் வகை மீண்டும் விதைக்கப்படுகிறது.

மாவுக்குக் கிடைத்த காப்பு மொழிக்குக் கிடைக்கவில்லை. 1950 அளவில் பிரெத்தோன் பேசுவோர் பத்து இலட்சத்துக்கும் மேல். 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய இரண்டு இலட்சம், அவர்களிலும் பெரும்பாலோர் முதியவர். கலோவின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அதை ஒரு மொழி என்று ஒப்புக்கொள்ளவே பலருக்கு மனமில்லை. 1977இல் தொடங்கிய தீவான் பள்ளிகள் பிரெத்தோன் வழிக் கல்வியை நடத்திவருகின்றன. ஆனால் இன்றைய பிரெஞ்சுக்காரர் பெரும்பாலோர் அறிந்த பிரெத்தோன் சொற்கள், உணவுப் பட்டியலில் அச்சாகும் சில பெயர்ச்சொற்களே. அவற்றுள் ஒன்றான பிலிக், தன் மொழியின் இலக்கண விதி ஒன்றைப் பகரத்தில் சுமந்தபடி, மின்சாரக் கல்லாகக் கடைகளில் விலைக்குக் கிடைக்கிறது.

இமயமலைப் பகுதி மொழிகளில் பக்வீட்டின் பெயர்களைத் தொகுத்துவருகிறேன். குட்டு, ஓக்லா, ஃபாஃபர் ஆகியவை என்னிடம் உள்ளன. லடாக், கின்னௌர், சிக்கிம், அருணாசலப் பகுதிகளில் களப்பணி செய்தோரிடம் தரவு இருப்பின், விதையின் பெயரையும் அதிலிருந்து செய்யும் அடையின் பெயரையும் தனித்தனியே குறித்து அனுப்பினால் நன்றியுடையேன். நோன்புக்கு ஏற்றதா, விலக்கா என்ற குறிப்பும் இருந்தால் மிக உதவும்.